ஒரு மென்பொருள் பொறியாளரின் நாற்பது ஆண்டுகள்

“சார், எந்த மொழியைப் படித்தால் வேலை நிலைக்கும்?”

இயற்பியல் இளங்கலை இறுதியாண்டு மாணவர்கள் ஆண்டுதோறும் என்னிடம் கேட்கும் கேள்வி இது. அவர்கள் கேட்பது கணிப்பொறிக்கு ஆணையிடும் மொழிகளைப் பற்றி. எங்களிடம் இயற்பியல் பயின்றவர்களுள் பலர் மென்பொருள் வேலைக்கே செல்கின்றனர். ஆகவே கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதன் அடியில் ஓர் அச்சம் இருக்கிறது. இன்று படிப்பது பத்தாண்டுகளில் பழசாகிவிட்டால்? முப்பத்தைந்து வயதில் புதியவர்கள் வந்து நம்மைத் தள்ளிவிட்டால்? இதற்கு வெறும் ஆறுதல் சொல்வதைவிட, இத்தொழிலில் நாற்பதாண்டுகளுக்கு மேல் நிலைத்து நின்ற ஒருவர் என்னதான் செய்தார் என்று பார்ப்பது பயனுள்ளது.

அவர் பெயர் கென் தாம்சன். 1943இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்தவர். பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலும் கணிப்பொறி அறிவியலும் பயின்று 1966இல் முதுநிலைப் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் நியூ ஜெர்சி மாநிலத்திலிருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். 1947இல் டிரான்சிஸ்டர் பிறந்த இடம் என்பதால் இயற்பியல் மாணவர்களுக்கு இது அறிமுகமான பெயரே.

கோள்களும் ஒரு பழைய இயந்திரமும்

அக்காலத்தில் கணிப்பொறி என்பது ஓர் அறையை அடைத்துக்கொள்ளும் சாதனம். ஒன்றைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்து பயன்படுத்த வழிசெய்யும் ‘மல்ட்டிக்ஸ்’ என்ற மாபெரும் திட்டத்தில் பெல் ஆய்வுக்கூடமும் கூட்டுச் சேர்ந்திருந்தது. தாம்சனுக்கு அதில்தான் வேலை. திட்டம் வளர்ந்துகொண்டே போனது, முடிந்தபாடில்லை. 1969இல் ஆய்வுக்கூடம் அதிலிருந்து விலகிக்கொண்டது. மூன்றாண்டு உழைப்பு பாதியில் நின்றது.

அச்சமயம் தாம்சன் ஒரு விளையாட்டு நிரலை எழுதியிருந்தார். சூரியனும் கோள்களும் ஈர்ப்பு விதிப்படி இயங்கும். ஆடுபவர் ஒரு விண்கலத்தைச் செலுத்தி அவற்றில் இறங்க முயல வேண்டும். பெரிய கணிப்பொறியில் இதை ஒருமுறை ஆட, இயந்திரக் கட்டணம் மட்டும் சுமார் 75 டாலர் ஆயிற்றாம்! ஆகவே அதிகம் யாரும் பயன்படுத்தாமல் கிடந்த பி.டி.பி.-7 என்ற சிறிய கணிப்பொறிக்கு அவர் அந்த விளையாட்டை மாற்றினார்.

அந்த இயந்திரத்தின் நினைவகம் எவ்வளவு தெரியுமா? 18 பிட் கொண்ட சொற்கள் 8,192. இன்றைய கணக்கில் 18,432 பைட். நம் கைப்பேசியில் எடுக்கும் 3 மெகாபைட் புகைப்படம் ஒன்றைச் சேமிக்க அத்தகைய நினைவகங்கள் 160க்கும் மேல் தேவைப்படும். இந்தக் குறுகிய இடத்தில்தான் யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமை உருவாயிற்று.

இயக்க முறைமை என்பது கணிப்பொறியின் தலைமை எழுத்தர் போன்றது. எந்த நிரல் எப்போது ஓடவேண்டும், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, அச்சுப்பொறி யாருக்கு என்பதையெல்லாம் அது பார்த்துக்கொள்ளும். 1969 கோடையில் தாம்சனின் மனைவி குழந்தையுடன் கலிபோர்னியாவிலிருந்த உறவினரைக் காணச் சென்றார். அந்த மூன்று வாரங்களில் தாம்சன் மீதமிருந்த வேலைகளை வாரத்துக்கு ஒன்றாக முடித்துவிட்டார் என்பது இத்துறையில் புகழ்பெற்ற கதை.

கதையைக் கேட்கும் மாணவர்கள் ‘மூன்று வாரம்’ என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்கு முன்பே அவரும் டென்னிஸ் ரிச்சி, ரட் கனடே ஆகிய தோழர்களும் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் முறையைக் கரும்பலகையிலும் காகிதத்திலும் எழுதி எழுதி விவாதித்திருந்தார்கள். மல்ட்டிக்ஸில் கழிந்த ஆண்டுகள், எது வேண்டும் என்பதையும் எது வேண்டாம் என்பதையும் கற்றுத் தந்திருந்தன. தோல்வியுற்ற திட்டத்தில் செலவிட்ட காலம் வீண் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இங்கே அது முதலீடாக இருந்தது.

அடுத்து நடந்ததும் கவனிக்கத்தக்கது. புதிய பெரிய இயந்திரம் வேண்டும் என்று இக்குழுவினர் விடுத்த வேண்டுகோள்கள் மறுக்கப்பட்டன. 1970இல் அவர்கள் கோரிக்கையை மாற்றினார்கள். ‘ஆவணங்களைத் தட்டச்சு செய்து திருத்த உதவும் ஒரு முறையை உருவாக்கித் தருகிறோம்’ என்றதும் பி.டி.பி.-11 கிடைத்தது. ஆய்வுக்கூடத்தின் காப்புரிமைப் பிரிவினர்தாம் முதலில் அதனால் பயனடைந்தார்கள். நிரல் எழுதத் தெரிந்தால் போதாது, அதனால் அடுத்தவருக்கு என்ன ஆகும் என்று சொல்லவும் தெரிய வேண்டும். பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை.

1973இல் இரண்டு நிகழ்ச்சிகள். ஒன்று, ‘பைப்’ எனப்படும் குழாய் முறை. ஒரு நிரலிலிருந்து வெளிவரும் விவரம் நேராக அடுத்த நிரலுக்குள் பாயும். பெயர்ப் பட்டியல் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிரல் அதை அகர வரிசைப்படுத்தும். அடுத்தது இரட்டிப்பான பெயர்களை நீக்கும். மூன்றாவது எஞ்சியவற்றை எண்ணும். மூன்றும் தனித்தனியே சிறியவை. குழாயால் இணைத்தால் பெரிய வேலை நடக்கும். இந்தக் கருத்து தாம்சனுடையதன்று. டக்ளஸ் மக்கில்ராய் என்பவர் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வந்தது. ஒருநாள் தாம்சன் ஒப்புக்கொண்டார். ஒரே இரவில் எழுதி முடித்தார்.

மற்றொன்று, யூனிக்ஸின் மையப்பகுதி சி மொழியில் திருப்பி எழுதப்பட்டது. முன்பு தாம்சன் அமைத்த பி என்ற சிறு மொழியை வளர்த்து ரிச்சி உருவாக்கியதுதான் சி. அதுவரை யூனிக்ஸ் குறிப்பிட்ட இயந்திரத்தின் ஆணைகளிலேயே எழுதப்பட்டிருந்தது. இயந்திரம் போனால் நிரலும் போகும். சி மொழிக்கு மாறியபின் வெவ்வேறு இயந்திரங்களில் குடியேற முடிந்தது. பி.டி.பி. இயந்திரங்கள் இன்று காட்சிக்கூடங்களில் இருக்கின்றன. ஆனால் 1991இல் யூனிக்ஸின் போக்கில் புதிதாக எழுதத் தொடங்கப்பட்ட லினக்ஸ், ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உள்ளே இயங்குகிறது.

விசைப்பலகைக்குப் பின்னால் நின்றவர்

1980இல் பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த ராப் பைக், தாம்சனோடு சேர்ந்து நிரல் எழுதிய நாட்களைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பைக் வேகமாகத் தட்டச்சு செய்வார். ஆகவே அவர் உட்கார்ந்திருப்பார், தாம்சன் பின்னால் நிற்பார். நிரலில் பிழை நேரும். பைக் உடனே உள்ளே புகுந்து, இடையிடையே மதிப்புகளை அச்சிட்டு, எங்கே தவறு என்று தோண்டத் தொடங்குவார். தாம்சனோ எதையும் தொடாமல், திரையைக்கூடப் பாராமல், யோசித்துக்கொண்டு நிற்பார். சற்றுப் பொறுத்து, ‘என்ன தவறு என்று தெரிந்துவிட்டது’ என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இது மந்திரமன்று. நிரல் எப்படி இயங்குகிறது என்ற முழுப் படமும் அவர் மனத்தில் இருந்தது. வந்த விடை அந்தப் படத்தின் எந்த இடத்தோடு முரண்படுகிறது என்று அவர் தேடினார். பிழை தெரியும் இடத்தை ஒட்டுப்போட்டுச் சரிசெய்வது எளிது. அந்தப் பிழை பிறந்த காரணம் வேறெங்கோ மேலே இருக்கும்.

எங்கள் ஆய்வுக்கூடத்திலும் இதே பாடம் உண்டு. தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வரவேண்டிய இடத்தில் 10.9 வருகிறது. மாணவர் உடனே மறுபடி 20 அலைவுகளை எண்ணுகிறார். மறுபடியும் 10.9. மூன்றாம் முறையும் அதே. ஒரு நிமிடம் கடிகாரத்தைக் கீழே வைத்துவிட்டு யோசித்தால், அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும். கடிகாரத்தை அழுத்தும்போது ‘சுழி’ என்று தொடங்காமல் ‘ஒன்று’ என்று தொடங்கினால், எண்ணியது உண்மையில் 19 அலைவுகளே. 20ஐ 19ஆல் வகுத்து, இருமடியாக்கி, 9.8ஆல் பெருக்கிப் பாருங்கள், 10.9 அளவில் வரும். ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ எண்ணிவிடும் இந்தத் தவறு நிரல் எழுதுவோரிடையேயும் மிகப் பரவலானது என்பது வேடிக்கையான ஒற்றுமை.

பிழையை விடுங்கள், வேண்டுமென்றே செய்த சூழ்ச்சியைக் கண்டுபிடிக்க முடியுமா? யூனிக்ஸுக்காக தாம்சனுக்கும் ரிச்சிக்கும் 1983ஆம் ஆண்டின் டூரிங் பரிசு வழங்கப்பட்டபோது, தாம்சன் தம் உரையில் எடுத்துக்கொண்டது இதைத்தான். நாம் எழுதும் நிரலை இயந்திர ஆணைகளாக மொழிபெயர்ப்பது கம்பைலர். அந்தக் கம்பைலரும் ஒரு நிரலே. அது தன்னைத் தானே மொழிபெயர்த்துக்கொள்கிறது. ஒருமுறை அதில் ஒரு கள்ள வழியைப் புகுத்தி, அடுத்த கம்பைலரிலும் அதே கள்ள வழியை நுழைத்துவிடுமாறு செய்தால், பிறகு மூல நிரலிலிருந்து அந்த வரிகளை அழித்துவிடலாம். படித்துப் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. கள்ளமோ தலைமுறை தலைமுறையாகத் தொடரும். பரிசு பெறும் மேடையில் தம் சாதனையைப் பேசாமல், தம் தொழிலின் அடித்தளத்தில் இருக்கும் ஓட்டையைக் காட்டினார். எனக்கு அவருடைய பணிகளுள் இந்தச் சிற்றுரை மிகவும் பிடித்தமானது.

இடையில் சதுரங்கமும் ஆடினார். அதாவது ஆடும் இயந்திரத்தைச் செய்தார். ஜோ காண்டன் என்ற இயற்பியலாளருடன் சேர்ந்து அவர் அமைத்த ‘பெல்’ 1980இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் நடந்த உலகக் கணிப்பொறிச் சதுரங்கப் போட்டியில் வென்றது.

உணவகத்துக் காகிதம்

இனி நம்மைத் தொடும் செய்தி. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறையில் பழைய தமிழ் வினாத்தாள் கோப்பு ஒன்றைத் திறந்தேன். திரை முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும். அதைத் தட்டச்சு செய்த எழுத்துரு இப்போதைய இயந்திரத்தில் இல்லை. இருபது பக்கத்தையும் பழைய அச்சுப் பிரதியைப் பார்த்துத் திரும்ப அடிக்க நேர்ந்தது.

கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஆங்கில எழுத்துகளுக்கான ‘ஆஸ்கி’ முறையில் 128 எண்களே உண்டு. தமிழுக்கு ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றியபடி எண்களை ஒதுக்கியதால் வந்த குழப்பம்தான் மேலே சொன்னது. உலக மொழிகள் அனைத்தின் எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் ‘யூனிகோடு’ 1991இல் வெளியாயிற்று. அதில் ‘க’வின் எண் 2965. ஆனால் இந்தப் பெரிய எண்களை எட்டு பிட் கொண்ட பைட்டுகளில் எப்படி அடைப்பது? பழைய ஆங்கிலக் கோப்புகளும் கெடக்கூடாதே!

1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் தாம்சனும் பைக்கும் இரவு உணவுக்கு அமர்ந்தார்கள். தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் தாம்சன் ஒரு திட்டத்தை எழுதினார். அதுவே யு.டி.எஃப்.-8.

ஒரு ரயில் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்துக்கு ஒரே பெட்டி. அது 0 என்ற பிட்டில் தொடங்கும். பழைய கோப்புகள் அப்படியே செல்லும். தமிழ் எழுத்துக்கு மூன்று பெட்டிகள். முதல் பெட்டி 1110 என்று தொடங்கும். அதிலுள்ள மூன்று ஒன்றுகள் ‘மொத்தம் மூன்று பெட்டி’ என்று அறிவிக்கின்றன. பின்தொடரும் ஒவ்வொரு பெட்டியும் 10 என்று தொடங்கும். எஞ்சிய இடங்களில் எழுத்தின் எண் ஏறிக்கொள்ளும். ‘க’ இப்படிப் பயணம் செய்கிறது: 11100000 10101110 10010101. தொடக்கக் குறிகளை நீக்கி மீதியைச் சேர்த்தால் 0000101110010101. இந்த இருமை எண்ணின் மதிப்பு 2965 என்பதை மாணவர்கள் தாங்களே சரிபார்க்கலாம்.

இதில் நுட்பம் எங்கே? தொலைபேசிக் கம்பியில் பாதிச் செய்தி போய்விட்ட பிறகு நாம் கேட்கத் தொடங்குகிறோம் என்போம். கண்ணில் படும் பைட் 10 என்று தொடங்கினால் அது நடுப்பெட்டி. அடுத்த தொடக்கம் வரும்வரை விட்டுவிடலாம். ஓர் எழுத்துக்கு மேல் இழப்பில்லை. அப்போது ஒரு தரக்குழு முன்வைத்திருந்த முறையில் இந்த வசதி இருக்கவில்லை. அன்றிரவே தாம்சன் நிரலை எழுதத் தொடங்கினார். அது புதன்கிழமை, வெள்ளிக்கிழமைக்குள் அவர்களுடைய ‘பிளான் 9’ இயக்க முறைமை முழுவதும் இம்முறைக்கு மாறிவிட்டது. இன்று நாம் கைப்பேசியில் அனுப்பும் தமிழ்ச் செய்தியும் இணையத்தில் படிக்கும் தமிழ்ப் பக்கமும் பெரும்பாலும் இந்த மூன்று பெட்டி வண்டியில்தான் வருகின்றன. தாம்சனுக்கு அப்போது வயது 49.

அறுபதைத் தாண்டி

2000ஆம் ஆண்டு இறுதியில் பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றார். சில ஆண்டுகள் ஒரு சிறு நிறுவனத்தில் இருந்துவிட்டு 2006இல் கூகுளுக்குச் சென்றார். அங்கே நிரல் எழுதுவோர் முதலில் மொழித் தேர்ச்சியை நிரூபிக்க வேண்டும் என்பது விதி. 2009இல் வெளிவந்த ஒரு நேர்காணலில், தாம் அந்தச் சோதனையை இன்னும் முடிக்கவில்லை என்றார் சி மொழியின் முன்னோடியை உருவாக்கியவர்!

2007இல் அவரும் பைக்கும் ராபர்ட் கிரீஸ்மரும் ‘கோ’ என்ற புதிய மொழியைத் திட்டமிட்டார்கள். மூவரும் இசைந்தாலன்றி எந்த அம்சமும் சேர்க்கப்படாது என்பது அவர்களது உடன்பாடு. 2008 ஜனவரியில், 65 வயது நிறைவதற்குச் சில வாரங்கள் இருக்கையில், தாம்சன் அதற்கான கம்பைலரை எழுதத் தொடங்கினார். 1969இல் பி.டி.பி.-7 முன் அமர்ந்து செய்த அதே வகை வேலை. இயந்திரமும் மொழியும் வேறு.

ஆகவே, ‘எந்த மொழி?’ என்று கேட்கும் மாணவரிடம் நான் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பேன்: “நீ எழுதிய நிரலில், மூன்றாவது வரி ஓடும்போது நினைவகத்தில் என்ன இருக்கும் என்று இயந்திரத்தைப் பாராமல் சொல்ல முடியுமா?” சிலர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். சிலர் தாளை எடுத்துக் கட்டம் போட்டு எழுதத் தொடங்குவார்கள்.

யூனிக்ஸைத் திரும்ப உருவாக்கினால் எதை மாற்றுவீர்கள் என்று ஒருமுறை தாம்சனைக் கேட்டார்கள். யூனிக்ஸில் புதிய கோப்பைத் தோற்றுவிக்கும் ஆணையின் பெயர் ‘கிரியேட்’. இடத்தை மிச்சப்படுத்திய காலம் அது. ஆங்கிலச் சொல்லின் கடைசி ‘ஈ’ எழுத்தை விட்டுவிட்டார்கள். அந்த ‘ஈ’யைச் சேர்ப்பேன் என்றார் அவர். கோ மொழியில் அதே வேலையைச் செய்யும் ஆணை, கடைசி ‘ஈ’யுடன் முழுதாகவே இருக்கிறது.