அழைப்பை அளந்து அனுப்புவோம்

பொங்கல் விழா என்றால், முன்னாளில் சுவரொட்டியும் துண்டறிக்கையும் ஜீப்பில் கட்டிய ஒலிபெருக்கியுமே நம் சங்கங்களுக்குத் துணை நின்றன. இன்றோ அழைப்பிதழ் கைப்பேசித் திரைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் பணம் செலுத்தி விளம்பரம் செய்ய நம் சங்கங்களும் முன்வருகின்றன. நல்லதே. ஆயினும், அப்பணம் தோட்டத் தொழிலாளரும் கடைச் சிப்பந்திகளும் தம் கூலியிலிருந்து எடுத்துத் தந்த சந்தா என்பதை நாம் மறத்தலாகாது. ஒரு ரூபாயும் வீண்போகாதிருக்க வழி உண்டா? உண்டு. முழுத்தொகையையும் இறைப்பதற்கு முன் சிறுதொகையால் சோதித்துப் பார்த்தலே அவ்வழி.

இது புதிய அறிவன்று. கிளாட் ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்கர், விளம்பரக் கலையைப் பற்றி 1923ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இம்முறையை விளக்கினார். ஒவ்வொரு விளம்பரத்திலும் வெவ்வேறு குறியிட்ட கூப்பனை அச்சிடுவர். எக்குறியுடைய கூப்பன் மிகுதியாகத் திரும்புகிறதோ, அவ்விளம்பரத்திற்கே பெருந்தொகை செலவிடுவர். இன்று அக்கணக்கைக் கணினியே எழுதிவிடுகிறது.

இனி நம் எல்லைப்புறத்தின் தனித்தன்மையைக் காண்போம். 1956 நவம்பர் 1ஆம் நாள் தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டங்கள் கேரளத்தின் பகுதிகளாயின. மாநில எல்லை வரைபடத்தில் உள்ளது. விளம்பர வட்டம் அதை அறியாது. குமுளியை நடுவாக வைத்து 25 கிலோமீட்டர் வட்டம் வரைந்தால், தமிழ்நாட்டிலுள்ள கூடலூரும் கம்பமும் உள்ளே வந்துவிடும். மூணாறோ வெளியே நின்றுவிடும். கொழிஞ்சாம்பாறையை நடுவாக வைத்தால் பொள்ளாச்சியும் உட்படும். அவ்வூரார்க்கு அவரவர் வீட்டுப் பொங்கல் உண்டு. நம் பணம் அவர்களிடம் சென்று என்ன பயன்? ஆதலின் வேண்டாத ஊர்களை விலக்கி வைத்தல் வேண்டும். மலைநாட்டில் வட்டத்தின் தொலைவு வேறு, வளைந்து செல்லும் சாலையின் தொலைவு வேறு என்பதும் நினைவிற்குரியது.

மொழித் தேர்விலும் ஓர் இடர் உண்டு. 'தமிழர்க்கு மட்டும்' என்று குறித்துவிட்டால், வீட்டில் தமிழ் பேசியும் கைப்பேசியை ஆங்கிலத்தில் வைத்திருப்போர் விடுபட்டுப் போகக்கூடும். மலையாளப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகளுள் தமிழ் பேசத் தெரிந்தும் எழுத்துக்கூட்ட இயலாதோரும் உளர். அவர்களை அழைப்பது எவ்வாறு?

இதையே சோதனைக்குரிய பொருளாகக் கொள்ளலாம். விளம்பரத்திற்கு ரூ.5,000 ஒதுக்கியிருந்தால், ரூ.1,000 சோதனைக்கு ஆகட்டும். தமிழ் எழுத்தில் மட்டும் ஓர் அழைப்பு. அதே படத்தின் கீழ் மலையாளத்தில் ஒரு வரி சேர்த்து மற்றோர் அழைப்பு. இரண்டிற்கும் சமமாகப் பணமும் நாளும் கொடுக்க வேண்டும். ஒரே மனிதர் இரண்டையும் காணாதபடி பார்வையாளரைப் பிரித்துத் தரும் வசதி அத்தளங்களிலேயே உள்ளது. ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றுக. படம், சொல், ஊர் மூன்றையும் ஒருங்கே மாற்றினால், எதனால் பயன் விளைந்தது என்று அறிய இயலாது. கைப்பேசித் தொடர்பு குன்றிய தோட்ட லயங்களில் நீண்ட காணொளி ஓடாது. நாளும் நேரமும் இடமும் பெரிய எழுத்தில் பொறித்த படமே சிறந்தது.

விளம்பரம் வெளிவருமுன் தளத்தார் அதைப் பரிசீலிப்பர். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் முடியும், சிலவேளை நீளும். ஆதலின் விழாவிற்கு மூன்று வாரம் முன்னரே சோதனையைத் தொடங்குதல் நலம். பொங்கலுக்குப் பாலக்காடு, இடுக்கி உள்ளிட்ட ஆறு மாவட்டங்களில் கேரள அரசு உள்ளூர் விடுமுறை அளித்து வருகிறது. அன்று எல்லை கடந்து சொந்த ஊர் செல்வோர் பலர். நம் விழா அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்றால், அந்நாளே அழைப்பின் முதல் வரியாக நிற்கட்டும்.

விரல் தொட்ட எண்ணிக்கை வேறு, விழாவிற்கு வந்த எண்ணிக்கை வேறு. ஆகவே வாயிலில் ஒரு குறிப்பேடு வைத்து, "எவ்வாறு அறிந்து வந்தீர்கள்?" என்று வருவோரைக் கேட்டு எழுதிவைப்போம். ஹாப்கின்ஸின் கூப்பன் செய்த வேலையை அவ்வேடு செய்யும். மலையாள வரியைக் கண்டு ஒரு பிள்ளை வந்து, பொங்கற் பானையருகே நின்று, 'பொங்கலோ பொங்கல்' என்று கூவுமாயின், அடுத்த ஆண்டு அதற்குத் தமிழ் எழுத்தைக் கற்பிக்கும் வகுப்பிற்கும் அதுவே முதல் அழைப்பாகும்.