நஞ்சுக்கொடியும் சீம்பாலும்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஆலமரக் கிளைகளில் சாக்கிலோ வைக்கோலிலோ பொதிந்த மூட்டைகள் தொங்குவதை இன்றும் காணலாம். கருவறையில் கன்றுக்கு ஊட்டம் சேர்த்து, ஈன்றபின் வெளியேறும் சவ்வுறுப்பாகிய நஞ்சுக்கொடியைப் பால் வடியும் மரத்தில் கட்டினால் பசுவின் மடியும் நிறையும் என்ற நம்பிக்கையில் எழுந்த வழக்கம் அது. மரத்துப் பாலுக்கும் மாட்டுப் பாலுக்கும் தொடர்பில்லை. ஆயினும், விழுந்த கொடியைப் பசுவே தின்ன முனைவதும், அது தொண்டையில் சிக்கவோ செரிமானத்தைக் கெடுக்கவோ கூடும் என்பதும் உண்மையாதலால், மாட்டுக்கும் நாய்க்கும் எட்டாதபடி அதை அகற்றியதில் பயன் இருக்கவே செய்தது. கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லோசிஸ் நோய் கொடியைத் தொடுவோருக்கும் பரவக்கூடும் என்பதால், கையுறையணிந்து எடுத்து ஆழப் புதைப்பதே இன்று பாதுகாப்பான முறை.

இதே கொடியைச் சார்ந்த இன்னொரு வழக்கமோ கன்றின் உயிரோடு விளையாடுவது. கொடி விழும்வரை கன்றை மடியில் விடலாகாது எனச் சில வீடுகளில் காத்திருப்பர். மனிதக் குழந்தை கருவிலேயே தாயிடமிருந்து நோயெதிர்ப்புப் பொருள்களைப் பெற்றுவிட, மாட்டின் நஞ்சுக்கொடி அவற்றைக் கடத்தாததால், ஈன்றவுடன் சுரக்கும் கெட்டியான மஞ்சள் நிறச் சீம்பாலே கன்றுக்கு அவற்றை அளிக்கிறது. அவற்றைச் சிதைக்காமல் இரத்தத்தில் சேர்க்கும் குடலின் ஆற்றல், பிறந்த சில மணி நேரத்திலேயே குறையத் தொடங்கி, ஏறக்குறைய 24 மணி நேரத்தில் நின்றுபோகிறது. கொடி விழவோ 12 மணி நேரம்வரை ஆகலாம். அதுவரை காத்திருந்தால் ஆற்றலின் பெரும்பகுதி வீணாகும். மேலும், கன்று முட்டிக் குடிக்கையில் பசுவின் உடலில் சுரக்கும் ஆக்சிடோசின் என்னும் இயக்குநீர் பாலை இறக்குவதோடு கருப்பையையும் சுருங்கச் செய்வதால், ஊட்டுவது கொடி விழுவதற்குத் துணையேயன்றித் தடையன்று.

ஈன்ற கன்றைத் தாய் நக்கித் துடைக்கும்படி விடுவதும், மண் தின்னாதபடி கன்றுக்கு வாய்க்கூடை கட்டுவதும் குறைசொல்ல முடியாத வழக்கங்கள். சீம்பாலில் வெல்லமும் ஏலமும் சேர்த்து ஆவியில் வேகவைத்து அண்டை வீடுகளுக்குக் கொடுப்பது அழகிய வழக்கம்தான். ஆனால் 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாளில் குறைந்தது இரண்டரை லிட்டர் தேவை என்பதால், அது போக மிஞ்சியதே பங்கீட்டுக்கு உரியது.

தொங்கும் கொடியில் கனமான பொருளைக் கட்டி இழுப்பது கருப்பையையே காயப்படுத்தும். 12 மணி நேரம் கடந்தும் அது விழவில்லையெனில், மாடு வளர்ப்போர் கைவைத்தியத்தை நாடாமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.