பூட்டிய வீட்டில் காத்திருக்கும் பூச்சி

விடுமுறைக்குக் கொள்ளேகால் சென்று, பூட்டிய வீட்டைத் திறந்தவுடன் கால்களில் சுள்ளென்ற கடியை உணர்ந்ததுண்டா? அது தெள்ளுப்பூச்சி. நாயின்மேல் அது இடும் முட்டைகள் உதிர்ந்து தரையில் பொரிக்கின்றன. பட்டு நெய்யும் ஊராருக்கு வியப்பாயிருக்கும்: அதன் புழுவும் பட்டிழையால் கூடு கட்டும்! தூசி படிந்த அக்கூட்டுக்குள் மருந்து எளிதில் புகாது. மாதக்கணக்கில் காத்திருந்து, காலடி அதிர்வை உணர்ந்ததும் பூச்சி வெளிவரும்.

ஆகவே நாயைக் குளிப்பாட்டினால் மட்டும் போதாது. அதன் படுக்கையை வெந்நீரில் துவையுங்கள். கட்டிலடியையும் தரைப்பிளவுகளையும் சில வாரங்கள் நாள்தோறும் பெருக்குங்கள். கால்நடை மருத்துவரைக் கேட்டு வீட்டிலுள்ள எல்லாப் பிராணிகளுக்கும் சேர்த்தே மருந்திடுங்கள். நாய்க்குரிய பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குத் தடவாதீர்கள், உயிரே போகக்கூடும். பட்டுப்புழு வளர்க்கும் வீட்டிலோ பூச்சிமருந்து தெளிக்கவே வேண்டாம். தட்டிலுள்ள புழுக்கள் மடிந்துவிடும். அங்கே துடைப்பமும் வெந்நீருமே துணை.