காப்பிப் பாட்டும் சாஸ்திரியார் பாட்டும்



போன வாலிபர் ஞாயிறுக்குப் பாட்டுத் தெரிந்தெடுக்க நாங்கள் கூடினபோது ஒரு தம்பி, தானே எழுதி மெட்டமைத்த தமிழ்ப் பாட்டு ஒன்றை நோட்டில் கொண்டுவந்தான். நாங்கள் இரண்டு சரணம் கேட்டோம். "நன்றாயிருக்கிறது, ஆனால் சபையாருக்குப் பழக்கமில்லையே" என்று சொல்லி மூடிவைத்துவிட்டு, யூடியூபில் எல்லாரும் கேட்கிற பாட்டையே கிட்டார் நிறுத்தம்கூட மாறாமல் பாடினோம். அடுத்த ஒத்திகைக்கு அந்தத் தம்பி வரவில்லை.

யாங்கூனில் வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. டாக்ஸியிலும் டீக்கடையிலும் கேட்டு வளர்ந்த பர்மியப் பாட்டுகளில் எத்தனையோ 'காப்பி தச்சீன்', அதாவது ஆங்கிலப் பாட்டின் மெட்டை அப்படியே எடுத்துப் பர்மிய வார்த்தை போட்டவை. 1970கள் தொடங்கிப் பல பெரிய பாடகர்கள் இப்படித்தான் பேர் வாங்கினார்கள். கேட்பவர்களும் மூலப்பாட்டைப் போலவே இருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். அதே காலத்தில் ஷான் நாட்டுப் பாடகர் சாய் தீ சாய், டாக்டர் சாய் காம் லெய்க் எழுதின சொந்த மெட்டுகளைப் பாடி நாடெங்கும் பிரபலமானார். சொந்தப் பாட்டுக்கு ஆள் இல்லை என்று சொல்ல முடியாது.

சரி, நம் வீட்டுக் கதைக்கு வருவோம். கையில் இருக்கிற பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ஞானப்பாட்டுகளில் பெரும்பாலானவை மேனாட்டு மெட்டுக்குத் தமிழ் வார்த்தை. ஒருவகையில் நாமும் காப்பி தச்சீன்காரர்தான்! கீர்த்தனைகள் அப்படியல்ல. அவை நம் ராகத்திலும் தாளத்திலும் பிறந்தவை. அவற்றில் பலவற்றைப் பாடினவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). பாளையங்கோட்டையில் பிறந்த அவரைச் சுவார்ச்சையர் சிறுவயதில் தஞ்சாவூருக்கு அழைத்துப்போய்ப் படிக்கவைத்தார். இரண்டாம் சரபோஜி மன்னர் உடன் பழகினவர். 'பெத்லகேம் குறவஞ்சி' அவருடையது.

சுவார்ச்சையருக்குப் பின் வந்த புதிய மிஷனெரிமாருக்கு ஆராதனையில் இந்தப் பாட்டுகள் பிடிக்கவில்லை. சாஸ்திரியார் விட்டுக்கொடுக்கவில்லை, உபாத்தியாயர் வேலை போயிற்று. மன்னர்தான் ஆதரித்தார். அந்த மன்னர் சிவனைப் பாடச் சொன்னபோதும் மறுத்துவிட்டார் என்று சொல்லுவார்கள். இந்தப் பக்கமும் சாயவில்லை, அந்தப் பக்கமும் சாயவில்லை.

இதோடு கதையை நிறுத்தினால் நமக்கு வசதியாயிருக்கும். ஆனால் 1820களின் கடைசியில் அவர் அந்த மிஷனெரிமார்மேல் அடுக்கின குறைகளில், பாட்டை விலக்கினார்கள் என்பதோடு, வேதபுத்தக மொழிபெயர்ப்பை மாற்றினார்கள் என்பதும், சபையில் சாதி வித்தியாசத்தை எடுத்துப்போடப் பார்த்தார்கள் என்பதும் இருக்கின்றன. பாட்டில் ஊரோடு ஒத்துப்போகாதவர், சாதியில் ஊரோடு ஒத்துப்போகவே வாதாடினார். அவர் பாட்டைத் தடுத்த அதே மிஷனெரிமார் சாதிக் காரியத்தில் சரியாக நின்றார்கள். எங்கள் கூட்டத்தில் இதைப் படித்தபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "அப்போ அவர் பாட்டைப் பாடலாமா?" என்று ஒரு தங்கை கேட்டாள். பாடலாம் என்றே நாங்கள் நினைக்கிறோம், தெரிந்துகொண்டு பாடலாம்.

1853இல் மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர் என்ற அமெரிக்கர், சாஸ்திரியார் பாட்டுகளையும் சேர்த்துக் கீர்த்தனைப் புத்தகம் ஒன்றை அச்சிட்டார். அப்போது சாஸ்திரியாருக்கு எழுபத்தொன்பது வயது. ஒரு மிஷனெரி வெளியே தள்ளினதை இன்னொரு மிஷனெரி உள்ளே கொண்டுவர இத்தனை வருஷம் ஆயிற்று.

எங்கள் தம்பியை அவ்வளவு காலம் காக்கவைக்க மனமில்லை. இரண்டு பேர் அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். முதலில் முகங்கொடுக்கவில்லை, பிறகு நோட்டைக் கொடுத்தான். இரண்டாம் சரணம் நீளம், சுருக்கச் சொன்னோம், "முடியாது" என்றான். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அதை அப்படியே பாடிப்பார்க்கிறோம். தபேலா தெரிந்தவர்கள் வந்தால் நல்லது.