கணையத்துக்கு இரண்டு உத்தியோகம்

மலேசியாவின் மேருவில் காலைப் பசியாறல் என்றால் பலருக்கு ரொட்டி சானாய், பருப்புக் கறி, கட்டிப்பால் தாராளமாக ஊற்றிய தே தாரிக். மாவு, எண்ணெய், புரதம், சர்க்கரை எல்லாம் ஒரே வேளையில் இறங்குகின்றன. அத்தனையையும் சமாளிக்க வேண்டியது கணையம்.

இரைப்பைக்குப் பின்னால் குறுக்கே படுத்திருக்கும், சுமார் 15 சென்டிமீட்டர் நீளச் சுரப்பி அது. எடை 100 கிராம் அளவில்தான். ஆனால் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் வரை சாறு சுரக்கும். அமிலத்தோடு உணவு சிறுகுடலில் இறங்கியதும், குடல் சுவர் செக்ரட்டின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விட்டுக் கணையத்தை எழுப்புகிறது. உடனே பைகார்பனேட் வந்து புளிப்பை முறிக்கும். கூடவே வரும் அமைலேஸ் ரொட்டியின் மாவுச்சத்தையும், லைப்பேஸ் எண்ணெயையும், டிரிப்சின் பருப்பின் புரதத்தையும் உடைக்கின்றன.

புரதத்தை அறுக்கும் டிரிப்சின் கணையத்தையே அறுத்துவிடாதா? அதனால்தான் அது உறையிலிட்ட கத்தியாகப் புறப்படுகிறது. குடலிலுள்ள வேறொரு நொதிதான் உறையை உருவும். பித்தக்கல்லாலோ மிதமிஞ்சிய மதுவாலோ அது கணையத்துக்குள்ளேயே உருவப்பட்டால் கணைய அழற்சி. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் அந்தக் கடும் வலியை வாய்வு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பது ஆபத்து.

இரண்டாவது உத்தியோகம் வெகுகாலம் யாருக்கும் தெரியவில்லை. 1869-இல் பெர்லினில் மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ், கணையத்தில் திட்டுத்திட்டாகச் செல்கூட்டங்களைக் கண்டார். எதற்கென்று அவருக்கே புரியவில்லை. 1889-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மருத்துவர்களான மின்கோவ்ஸ்கியும் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றினார்கள். அதன் சிறுநீரில் சர்க்கரை இறங்கியது. கணையத்தில் 1, 2 சதவீதமே உள்ள அந்தத் திட்டுகள்தான் இரத்தத்தில் சர்க்கரை ஏறினால் இன்சுலினையும், இறங்கினால் குளுக்ககானையும் விடுகின்றன.

இந்த இரண்டாவது உத்தியோகம் பிசகினால் வருவது இனிப்பு நீர். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 சதவீதத்தினருக்கு அது இருக்கிறது. இன வாரியாகப் பார்த்தால் இந்தியர்களாகிய நாம்தான் முன்னணியில் இருக்கிறோம், பெருமைப்பட ஒன்றுமில்லை. இரண்டாம் வகை இனிப்பு நீரைக் கண்டுபிடிக்கும்போது, இன்சுலின் சுரக்கும் திறனில் ஏறக்குறைய பாதி பலருக்குப் போய்விட்டிருக்கும். அதுவரை வலியே இராது. முப்பதைத் தாண்டியவர்கள் அரசாங்கக் கிளினிக்கில் ஆண்டுக்கு ஒருமுறையாவது இரத்தத்தில் சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் ஒரு வெள்ளிதான்.