திரையில் தெரியாத மேடு

ஆற்றங்கரை நீரேற்றுக் கிணறு ஒரு புள்ளி, ஊர் மேல்நிலைத் தொட்டி இன்னொரு புள்ளி. க்யூஜிஐஎஸ் போன்ற வரைபட மென்பொருளில் இரண்டையும் குறித்து, பட்டா நிலம், காடு, ரயில் பாதை, சாலையோரம் என ஒவ்வொன்றைக் கடப்பதற்கும் ஒரு விலை வைத்தால், செலவு குறைந்த குழாய்ப் பாதையை அது வரைந்து தந்துவிடுகிறது. பாதையின் ஏற்ற இறக்கமும் கூடவே வருகிறது. மென்பொருளும் இலவசம், உயரத் தரவும் இலவசம். கல்லூரி மாணவர்கூட தன் ஊருக்கு ஒரு குழாய்ப் பாதை போட்டுப் பார்க்கலாம் என்பது பெரிய வசதி.

என் பயமெல்லாம் அந்த ஏற்ற இறக்கக் கோட்டைப் பற்றித்தான்.

பலரும் பயன்படுத்தும் உயரத் தரவு, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பறந்து ரேடாரால் அளந்தது. சுமார் 30 மீட்டர் சதுரத்துக்கு ஒரே ஒரு எண். அதற்குள் இருக்கும் ஓடையும் ஏரிக்கரையும் கரைந்துபோகும். ரேடார் அலை மண்ணைத் தொடும் முன் இலையில் பட்டுத் திரும்புவதால், கிருஷ்ணகிரிப் பக்கம் அடர்ந்த மாந்தோப்பு ஒரு மேடாகவே பதிவாகலாம். உயரப் பிழை 16 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதே அன்று வைத்த இலக்கு. சமவெளியில் பிழை இதைவிடக் குறைவுதான். ஆனால் 10 மீட்டர் உயரம் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். கடைசித் தெருவில் தண்ணீர் ஏறுவதும் ஏறாததும் அந்த ஒரு கிலோவில் இருக்கிறது.

கைபேசி காட்டும் உயரத்தை நம்புவது இன்னும் ஆபத்து. இந்தியாவுக்குத் தெற்கே கடலில், பூமியின் ஈர்ப்பு மட்டம் உலகிலேயே அதிகமாக, 106 மீட்டர் வரை தாழ்ந்திருக்கிறது. அந்தப் பள்ளத்தின் சரிவு தமிழ்நாட்டையும் தொடுகிறது. அதனால் திருத்தம் செய்யாத ஜிபிஎஸ் கருவி, சென்னைக் கடற்கரையில் நின்றால்கூட கடல் மட்டத்துக்கு 80 மீட்டருக்கும் கீழே இருப்பதாகக் காட்டும். கிணற்றின் உயரத்தைக் கைபேசியிலும் தொட்டியின் உயரத்தை வரைபடத்திலும் எடுத்தால் கணக்கு என்னவாகும்?

ஒகேனக்கலில் காவிரித் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றி, ஃபுளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்துவந்த தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குத் தரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கியது. அத்தனை பெரிய குழாயைக் களத்தில் லெவல் எடுக்காமல் யாரும் பதிக்க மாட்டார்கள். நான் அஞ்சுவது குக்கிராமங்களுக்குப் பிரியும் சின்னக் கிளைக் குழாய்களுக்காக. தெரியாமல் விட்ட மேட்டில் காற்று தங்கி, தண்ணீர் வரத்தைக் குறைக்கும். ஏர் வால்வு எங்கே வைப்பது என்று தெரிய, மேடு எங்கே என்று முதலில் தெரிய வேண்டும். அழுத்தம் அற்றுப்போகும் இடத்தில், கசியும் இணைப்பு வழியே சாக்கடை நீர் குழாய்க்குள் இழுக்கப்படும். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்த பிறகுதான் ஊர் அதைக் கண்டுபிடிக்கும்.

முதல் மதிப்பீட்டுக்குத் திரை போதும், நாளும் பணமும் மிச்சம் என்பார்கள். அந்த அளவில் சரிதான். குழாயின் விட்டத்தையும் மோட்டாரின் குதிரைத்திறனையும் முடிவுசெய்யும் முன், மென்பொருள் காட்டிய பாதையில் ஒருமுறை லெவல் எடுத்தாக வேண்டும். அப்படிப் போகும்போது, தொட்டியில் தண்ணீர் திறந்துவிடுபவரையும் உடன் அழைத்துக்கொள்ளலாம். எந்தத் தெருவில் தண்ணீர் ஏறாது, எந்த ஓடை ஐப்பசியில் குழாயை அரித்துக்கொண்டு போகும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.