கயிறு சாத்திக் கேட்ட வரம்

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது, போவதா வேண்டாமா? பெண்ணுக்கு வந்த வரன் அமையுமா? ஊரில் இருந்தால் குலதெய்வத்தின் முன் பூக்கட்டிப் பார்த்துவிடலாம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியே பொட்டலமாகக் கட்டிச் சந்நிதியில் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னால் மனம் ஒரு நிலைக்கு வரும். வடக்கே வந்து குடியேறிவிட்ட நாம், ஊர்ப் பெரியவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறோம்.

கோயில் எட்டாத தொலைவில் இருப்பவர்களுக்கும் நம் முன்னோர் ஒரு வழி வைத்திருந்தார்கள். அதுதான் திருமுறையில் கயிறு சாத்துவது. தேவாரச் சுவடியைப் பூசித்து, மனமுருக வேண்டிக்கொண்டு, ஏடுகளுக்கு இடையே கயிற்றைச் செலுத்துவார்கள். அந்த இடத்தில் வரும் பாட்டே இறைவன் வாக்கு.

இதற்குச் சைவர்கள் சொல்லும் வரலாறு 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. திருப்பெண்ணாகடத்து அச்சுத களப்பாளருக்கு நெடுநாள் பிள்ளை இல்லை. மனமுடைந்து, குலகுருவான சகலாகம பண்டிதரிடம் போனார். கயிறு சாத்தியதில், சீர்காழிக்கு அருகிலுள்ள திருவெண்காட்டைச் சம்பந்தர் பாடிய பாட்டு வந்தது. அங்குள்ள முக்குளத்தில் நீராடுவோருக்குப் பிள்ளைப் பேறு கிட்டும், ஐயம் வேண்டாம் என்பது அதன் கருத்து.

கணவனும் மனைவியும் புறப்பட்டுப் போய் அங்கேயே தங்கி, நாள்தோறும் நீராடி வழிபட்டார்கள். ஓர் இரவு இறைவன் கனவில் தோன்றி, "இப்பிறவியில் உனக்குப் பிள்ளை இல்லை" என்றாராம். நாமாக இருந்தால் அன்றே மூட்டை கட்டியிருப்போம்! அவரோ, சம்பந்தர் வாக்கை நம்பி வந்தேன், இப்பிறவியில் இல்லாவிட்டால் அடுத்த பிறவியிலாவது கிடைக்கட்டும் என்று சொல்லிவிட்டு அங்கேயே இருந்தார். அந்த உறுதிக்கு இறைவன் இரங்கினான் என்கிறது வரலாறு. பிறந்த குழந்தைக்குத் தலத்து இறைவன் பெயரையே சூட்டிச் சுவேதவனப்பெருமாள் என்றார்கள்.

கயிறு சாத்துவதைச் சீட்டுக் குலுக்கல் என்று கேலி செய்வோர் உண்டு. பாட்டு வந்தது ஒரு நொடியில். அதன்பின் ஊரை விட்டுப் போனதும், கனவில் மறுப்பு வந்தும் அசையாமல் நின்றதும் குலுக்கலில் வருகிற காரியமா? ஆனால் டாக்டர் சொன்ன அறுவை சிகிச்சையைச் செய்துகொள்ளலாமா என்று பூப் போட்டுப் பார்ப்பது மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

அந்தக் குழந்தைதான் பின்னாளில் சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார். கயிறு சாத்த வழி சொன்ன சகலாகம பண்டிதர், முதிர்ந்த வயதில் அந்தச் சிறுவனைச் சோதிக்கத் திருவெண்ணெய்நல்லூருக்குப் போனார். ஆணவம் எப்படி இருக்கும் என்று கேட்டார். சிறுவன் பதில் பேசாமல் அவரையே பார்த்தான். பண்டிதர் காலில் விழுந்து சீடரானார், அருணந்தி சிவாசாரியார் என்ற பெயரும் பெற்றார்.